மூன்றாவது ஆள் வரும்வரை

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு மாசி மாதக் காலையில், சாந்தோம் சாலையில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு அறுபத்தொரு வயது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிறவள் நான். முப்பது வருடமாக இதே வேலை, இதே சைக்கிள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதை எழுதி முடிக்கவே நாலு நாள் ஆயிற்று. ஆனால் சைக்கிள் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. முன்னால் ஒரு டிரே, பின்னால் இரண்டு டிரே வைத்துக்கொண்டு, அறுபத்துமூவர் கூட்டத்துக்கு நடுவே கூட ஒரு பாக்கெட் கிழியாமல் ஓட்டிப் போயிருக்கிறேன். முழங்கால் தண்ணீர் நின்ற மழை நாளிலும் ஆறு மணிக்குள் கடைசி வீட்டு வாசலில் பால் இருக்கும்.

அன்றைக்கும் வேலையை முடித்துவிட்டு, காலி டிரேக்களோடு பட்டினப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு அம்மா ஹெல்மெட் போட்டுக்கொண்டு மெல்லிய சக்கரம் வைத்த சைக்கிளில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். நான் போட்டி எதுவும் போடவில்லை. என் வேகத்தில் போனேன், அவரைத் தாண்டிவிட்டேன், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"அக்கா! நில்லுங்கக்கா!"

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "என் சைக்கிள் விலையைக் கேட்டா மயக்கம் போட்ருவீங்க. இந்தத் தகரத்தை வெச்சிக்கிட்டு என்னைத் தாண்டிப் போறீங்களே, நியாயமா?"

அவர் பக்கத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஐம்பது வயதிருக்கும். அவரோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி தி.நகரில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை செய்யும் சின்னப் பெண். இன்னொருத்தி திருவல்லிக்கேணியில் ஜாக்கெட், சுடிதார் தைக்கும் தையல்காரப் பெண், நாற்பது வயது முஸ்லிம் பெண், சைக்கிள் கற்றுக்கொண்டே இரண்டு வருடம்தான். டீமுக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாளாம். டீச்சர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "வர்றீங்களா?" என்றார். எத்தனை தூரம் என்று கேட்பதற்கு முன்பே "வரேன்" என்றுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மகன் தலையில் கை வைத்தான். "இன்னாம்மா, இந்த வயசுல ஹெல்மெட்டு மாட்டிக்கினு ரேஸா? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்டா. சிரிக்கிறவங்களுக்கு நாளைக்குப் புளிச்ச பால் போட்றேன்" என்றேன்.

போட்டி மூன்று ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாதை. மூன்று நாள் ஓட்டிய நேரத்தையும் கூட்டி யார் முதல் என்று சொல்வார்கள். எங்களைப்போல வேலைக்குப் போகிற பெண்களுக்கென்றே வைத்தது. பத்து டீம் சேர்ந்திருந்தது. தையல்காரப் பெண் நாலு பேருக்கும் ஆரஞ்சு நிறத்தில், முதுகில் பை வைத்துச் சட்டை தைத்தாள். எனக்கு அளவு எடுக்கும்போது டேப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னாக்கா இது, தோளா கதவா? ரெண்டு பேர் துணி போவுது!" டீச்சரின் தம்பி தன் கியர் சைக்கிளை எனக்குக் கொடுத்தார். கியர் எனக்கு ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.

போட்டிக்கு முன் ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து, சின்னப் பெண் விதிகளைப் படித்துச் சொன்னாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்குப் பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்று வீம்பு.

"ஆன்ட்டி, எல்லாம் புரிஞ்சுதா?"

"அக்கான்னு கூப்புடு. சைக்கிள் ஓட்றதுல புரியறதுக்கு இன்னா கீது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் ஞாயிறு பெசன்ட் நகரில் எல்லா டீமையும் ஒன்றாக விட்டார்கள். ஞாயிறென்றால் பாலுக்கு லீவு உண்டா? வழக்கம்போல எழுந்து, எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டுத்தான் போனேன். மற்றவர்கள் காலை உதறிக்கொண்டு நின்றபோது என் கால் ஏற்கெனவே சூடாக இருந்தது. எங்கள் நாலு பேரில் சின்னப் பெண் முதலில் வந்தாள், இரண்டாவது நான். டீம் ஆறாவது இடம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தெருவில் சிரிக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று நானே தேடிப் பார்த்தேன்.

இரண்டாம் ஞாயிறுதான் வினை.

அன்று ஒவ்வொரு டீமாகத் தனித்தனியே அனுப்பினார்கள். அடையாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, தூரத்தில் ஒரு வளைவில் திரும்பி, மறுபடி பாலம் ஏறி வர வேண்டும். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினோம். திரும்பி வரும்போது பாலத்து ஏற்றத்தில் எனக்கு ஒரு வேகம் வந்தது பாருங்கள், சொல்லி முடியாது. சின்னப் பெண்ணைத் தாண்டினேன். பின்னால் டீச்சரும் அவளும் ஏதோ கத்தினார்கள். காற்றில் வார்த்தை விளங்கவில்லை. என்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். முப்பது வருடப் பழக்கம் வேறு. பால் போடுகிறவள் யாருக்கும் காத்திருப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அவள் வேலை, அவள் பாதை.

முடிவுக் கோட்டைத் தாண்டி ஒரு கையைத் தூக்கினேன். கைதட்டல் இல்லை. நேரம் பார்க்கிறவர் கையில் கடிகாரத்தோடு எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க எங்கம்மா?"

"மெதுவா வருவாங்க. நான் வந்துட்டேனே, எழுதிக்குங்க."

"நீங்க மட்டும் வந்தா எழுத முடியாதும்மா. டீம்ல மூணாவது ஆள் எப்போ கோட்டைத் தாண்டுறாங்களோ, அதான் உங்க எல்லாருக்கும் நேரம்."

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். சின்னப் பெண் வந்தாள். பிறகு யாரும் வரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றுகொண்டு அதைப் பார்ப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம். வெகுநேரம் கழித்து டீச்சரும் தையல்காரப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். பாலத்து ஏற்றத்தில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். அவளைத் தனியாக விடக் கூடாதென்று டீச்சர் கூடவே வந்திருக்கிறார். நான் அவர்களை விட்டு ஓடாமல் முன்னால் போய் எதிர்க்காற்றை என் உடம்பில் வாங்கியிருந்தால் அவள் என் மறைவில் வந்திருப்பாள் என்று அப்புறம்தான் புரிந்தது.

டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அக்கா, பால் போட்ற மாதிரியே ஓட்டிட்டீங்க."

தையல்காரப் பெண் அதுகூடச் சொல்லவில்லை. காலைப் பிடித்துக்கொண்டே, "பரவால்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தப் பரவாயில்லைதான் ஒரு வாரம் என்னைச் சாப்பிடவிடவில்லை.

பத்து டீமில் நாங்கள் கடைசிக்குப் போய்விட்டோம். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. மொத்த நேரம் ஒரு அளவுக்குள் வராத டீமின் பெயரைப் பட்டியலிலேயே போட மாட்டார்கள். டீச்சர் கூட்டிப் பார்த்துச் சொன்னார். கடைசி ஞாயிறு ஒரு மணி நேரத்துக்குள் எங்களில் மூன்று பேர் வந்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்று நாளும் ஓட்டாததற்குச் சமம். தையல்காரப் பெண் தன் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தையலையெல்லாம் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னால் அவள் பெயர் இல்லாமல் போகக் கூடாது. எனக்கு வேறு யோசனையே இல்லை.

அன்றே டீச்சரிடம் போய், "எனக்கு விதி ஒண்ணும் புரியல டீச்சர். முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். அந்த வாக்கியம் வாயிலிருந்து வர அறுபத்தொரு வருடம் ஆயிற்று. அவர் சிரிக்கவில்லை. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

அந்த வாரம் தினமும் பால் போட்டு முடித்ததும் கடற்கரைச் சாலையில் பழகினோம். முன்னால் போவது நான். கடைசியில் வருகிறவள், இருக்கிறேன் என்று தெரிய, அடிக்கடி "கீறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்காவிட்டால் முன்னால் போகிறவள் மிதியைக் குறைக்க வேண்டும். இதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. தையல்காரப் பெண் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் தெச்ச சட்டை வீணாவல. உங்க முதுகு செவுரு மாதிரி கீது, காத்தே வர்ல!" என்றாள். அவள் பழையபடி என்னைக் கிண்டல் செய்ததும்தான் சோறு இறங்கியது.

கடைசி ஞாயிறு. மெரினாவிலிருந்து சாந்தோம் வழியாகப் பட்டினப்பாக்கம் போய், மீன் கடைகள் இருக்கும் லூப் ரோட்டில் திரும்பி வர வேண்டும். மூன்று சுற்று. போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வழி விட்டிருந்தார்கள்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் சாந்தோம் பக்கத்தில் சின்னப் பெண்ணின் சக்கரம் பஞ்சர். ஓரமாக இறங்கி நின்று, "போங்க! நிக்காதீங்க! அக்கா, போங்க!" என்று கத்தினாள். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஆன்ட்டி இல்லை, அக்கா. இனி நாங்கள் மூன்று பேர். மூன்று பேருமே வந்தாக வேண்டும்.

மூன்றாவது சுற்றில் தெற்கே போகும்போது எதிர்க்காற்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். பின்னால் "கீறேன்... கீறேன்..." என்று வந்துகொண்டிருந்தது. லூப் ரோட்டில் திரும்பியதும் அந்தக் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். டீச்சர் என் பின்னாலேயே இருந்தார். தையல்காரப் பெண் வெகு தூரத்தில், ஒரு காலாலேயே மிதிப்பதுபோலத் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள்.

மிதியைக் குறைத்தேன். பக்கத்தில் ஒரு டீம் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் இன்னொன்று. என்னை யாராவது தாண்டிப் போனால் எனக்கு வயிறு எரியும், அப்படிப்பட்ட ஆள் நான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே போனேன். மீன் விற்கிற பெண்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள்.

"இன்னா பாலக்கா, தூங்கிக்கினு போறே? ஏறி மிதி! எல்லாம் உன்னைத் தாண்டிப் போவுதுங்க!"

"எங்காளு பின்னாடி வருதுடி!"

அவ்வளவுதான். அந்த வரிசை முழுக்கப் பின்னால் திரும்பியது. "அந்த ஆரஞ்சு சட்டை! வா கண்ணு, வா! கால உடாத!" என்று மீன் வெட்டுகிற கத்தியோடு கையை ஆட்டி அவளைக் கூப்பிட்டார்கள். எந்தக் கால் பிடிப்பும் அந்தச் சத்தத்துக்கு நிற்காது. அவள் வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

"கீறியா?"

"கீறேன்க்கா. போங்க."

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஆறு நிமிஷம்" என்றார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினோம். கோடு தெரிந்தது. நான் ஓரமாக ஒதுங்கி, முதலில் அவளைப் போகச் சொன்னேன். பிறகு டீச்சரை. கடைசியாக என் சக்கரம் கோட்டில் ஏறியபோதுதான் நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தை நிறுத்தினார். ஒரு மணி நேரம் ஆக இன்னும் முக்கால் நிமிடம் பாக்கி இருந்தது.

தையல்காரப் பெண் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். காலில் வலி எங்கே போனதோ தெரியவில்லை. சின்னப் பெண் பஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்து, நாங்கள் மூன்று பேரும் அழுவதைப் பார்த்து, தோற்றுவிட்டோம் என்று நினைத்து அவளும் அழுதாள். பட்டியலில் எங்கள் டீம் ஒன்பதாவது இடம். நாலு பேர் பெயரும் இருந்தது. என் பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் பெயரையும் படித்தேன், இரண்டு தடவை.

இப்போதும் பால் போடப் போகிற வீடுகளில் யாராவது, "போட்டியில எத்தனாவது வந்தே?" என்று கேட்கிறார்கள். பத்து டீமில் ஒன்பதாவது, எங்கள் டீமில் ஓட்டி முடித்தவர்களில் கடைசி என்று உரக்கவே சொல்கிறேன், ஏனென்றால் என் அறுபத்து மூன்று வருட வாழ்க்கையில் முதலில் போன இடங்கள் எத்தனையோ இருந்தும், கடைசியாகப் போய்ச் சேர்ந்த அந்த ஒரு கோட்டில்தான் நான் முழுதாக நிமிர்ந்து நின்றேன்.