கோடு போட்ட ஒயர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் பாம்புச்செவி. தெருவில் போகிற சைக்கிளின் சங்கிலி தளர்ந்திருப்பதைக் கடைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார். மின்விசிறியின் முனகல் அவருக்கு மட்டுந்தான் கேட்கும். ஆனால் அதைப் பற்றிய பேச்சை எல்லோரும் கேட்டாக வேண்டும். இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு மனிதர் சும்மா இருப்பாரா?

கல்யாணமான புதிதில் வாங்கிய இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகு ஆடுகிறதென்று வலப்பக்கப் பெட்டியைத் திறந்தவர் உள்ளே ஓடிய ஒயரைப் பார்த்துத் திடுக்கிட்டார். பொட்டலம் கட்டுகிற நூல்கூட இதைவிடத் தடிமன்.

“இத்தனை வருஷமா இந்த நூல் வழியாத்தான் பாட்டு வந்திருக்கு, பாத்தியா?”

வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிற மனைவி, மிஷினிலிருந்து தலை தூக்கவில்லை. “நூல் வழியாத்தான் இந்த வீட்டுக்குப் பாதிச் சோறு வருது. நூலைக் குறை சொல்லாதீங்க.”

அவர் ஒயர் வாங்கப் போனார். கடையில் இருந்ததிலேயே பெரியதாக, சுண்டுவிரல் பருமனில் ஒன்றைப் பிடித்து வந்தார். ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரின் முனையில் இருந்த ஓட்டைக்குள் அதை நுழைப்பது எலி வளைக்குள் யானையை ஓட்டுகிற கதையாக இருந்தது. சால்டரிங் அயர்னின் சூட்டையெல்லாம் அந்தத் தடிச் செம்பே குடித்துவிட, ஈயம் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு மேசை விரிப்பில் விழுந்து பொசுக்கியது. விரிப்பு மனைவி தைத்தது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபடி கடைக்குப் போனார். கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு நடுத்தர ஒயர் ஒன்றைக் கொடுத்தார். ஒட்டியிருந்த இரண்டு இழைகளும் கறுப்பு. எது பிளஸ் என்று தெரிவதற்காக ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு ஓடியது.

இந்த முறை வேலை படிந்தது. ஒயர் முனையைச் சீவி, முறுக்கி, முதலில் ஈயம் பூசி, பிறகு முனையில் பற்ற வைத்தார். ஈயம் உருகி, பளபளவென்று பரவி, அப்படியே உறைந்தது. இடப்பக்கத்தை அப்புறம் பார்க்கலாமென்று விட்டு, சொந்தக் கையால் ஒன்றைச் செய்து முடித்த சந்தோஷத்தில் வலப்பக்கப் பெட்டியை மூடி, பாட்டைப் போட்டு, மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார். கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்கிற அதே குரலில், “முன்னாடி நல்லா இருந்துதா, இப்ப நல்லா இருக்கா?” என்றார்.

“நடுவுல உக்காந்தா பாடறவரையே காணோம். மேளம் தகரம் மாதிரி கேக்குது.”

“புது ஒயர் கொஞ்சம் பழகணும். புதுச் செருப்பு மாதிரி.”

“புதுச் செருப்பு கால்லதான் கடிக்கும். இது காதுல கடிக்குதே!”

ஒயர் பழகவில்லை. அவரும் விடவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர்களிடமெல்லாம், “சத்தத்துல ஒரு தெளிவு வந்திருக்கு பாருங்க” என்று அளந்தார். கடைசியில் மச்சான் வந்தார். மரியாதையாகக் கைகட்டி உட்கார்ந்து ஒரு பாட்டு முழுவதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே. கிணத்துக்குள்ள எறங்கிப் பாடினதா?”

அது சுருக்கென்று தைத்தது. மச்சான் படியிறங்கியதும் பெட்டியைத் திறந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் இரும்புப் பிடியாக இருந்தன. பக்கத்தில் வந்து குனிந்த மனைவி கேட்டாள்:

“பின்னாடி பிளஸ் போட்ட சிவப்பு முனைக்குக் கோடு இல்லாத ஒயர் போகுதே, அப்படித்தானா?”

“கோடா? எந்தக் கோடு?”

நாற்பது தாண்டி யார் கடைக்கு வந்தாலும், “படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கங்க, வெக்கப்படாதீங்க” என்று மூக்கில் மாட்டிவிடுகிறவர் அவர். ஐம்பதைத் தாண்டியும் தன் மூக்கில் ஒன்றையும் ஏற்றவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! மனைவி, ஊசி கோக்கப் போட்டிருந்த தன் ரோஸ் நிறக் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டாள். ஒயரின் மேல் சாம்பல் கோடு ரயில் தண்டவாளம்போலத் தெரிந்தது. அந்த ஒரு பெட்டியில் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி, இரண்டு பெட்டிகளும் இத்தனை நாளாக ஒன்றையொன்று எதிர்த்துப் பாடிக்கொண்டிருந்தன.

ரோஸ் கண்ணாடியோடேயே மாற்றிப் பற்ற வைத்தார். பாடகர் நடுக்கூடத்துக்குத் திரும்பி வந்தார். மேளம் நெஞ்சில் தட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“சரி, கண்ணை மூடிக்கங்க” என்றாள் மனைவி. வலம் இடம் மாற்றுகிற குமிழைத் திருப்பி ஒரு பக்கத்தை மட்டும் பாடவிட்டாள். பிறகு, பெட்டி இருக்கும் திசை தெரியாதபடி அவரை நாற்காலியோடு சுற்றிவிட்டு, மற்றதை. “இதுல எது புது ஒயர்?”

“ரெண்டாவதுதான். செம்போட கனம் தெரியுதே!”

கண்ணைத் திறந்தார். பாடிக்கொண்டிருந்தது இடப்பக்கப் பெட்டி. உள்ளே அதே பழைய நூல். மனைவி சிரித்த சிரிப்பில் தையல் மிஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடப்பக்கப் பெட்டியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இது எதுக்கு இன்னும்? வித்தியாசந்தான் ஒண்ணும் இல்லையே!”

“ரெண்டுலயும் ஒரே ஒயர் ஆயிட்டா, எது எதுன்னு நீ கேக்க முடியாதுல்ல?”

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் அடித்தாள்.