அம்மாவின் ஒயினில் நான் ஒட்டிய அம்பு

எங்கள் கம்பெனியில் ஷூவில் குறை இருந்தால் வாயால் சொல்ல மாட்டோம். ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை, குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவோம். தையல் கோணலா, தோலில் கீறலா, அம்பு சொல்லிவிடும். ஒட்டுவது என் வேலை. அம்மா அதே கம்பெனியில் பதினேழு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்பைப் பார்த்தால் அவளுக்கு என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் எனக்கு ஒயின் பைத்தியம் பிடித்திருந்தது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன், எல்லாமே இரண்டு மடங்கு வேகத்தில். மீனுக்குப் புளிப்பான வெள்ளை, கறிக்குத் துவர்ப்பான சிவப்பு. பெங்களூரிலிருந்து வரவிருந்த மாமா மகனிடம் சொல்லி இரண்டு பாட்டில் வரவழைத்தேன்.

அம்மாவும் வருஷாவருஷம் ஒயின் போடுவாள். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, பட்டை, ஒரு பிடி கோதுமை. ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவைத்து, தினமும் மரக்கரண்டியால் கிளறுவாள். கிறிஸ்துமஸ் மதியம் அவள் லைனில் தைக்கும் ஆறு பெண்கள் வருவார்கள். எல்லோரும் மாதனூரில் எங்களோடு கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் ஒயின். அந்த டம்ளருக்காகத்தான் வருகிறோம் என்று அவர்களே சொல்வார்கள்.

அன்று மேசையை நான்தான் அடுக்கினேன். வறுத்த மீன் பக்கத்தில் வெள்ளை, பிரியாணி வைக்கும் இடத்தில் சிவப்பு. அம்மாவின் பாட்டிலைக் கேக்குக்குப் பின்னால் தள்ளினேன். அதோடு விட்டிருக்கலாம். கைப்பையிலிருந்து ஒரு அம்பை உரித்து அதன் கழுத்தில் ஒட்டி, "இனிப்பு ஜாஸ்தி, ரிஜெக்ட்!" என்று சிரித்தேன்.

பிரியாணிச் சட்டியோடு அம்மா பின்னால் நின்றிருந்தாள். சட்டியை இறக்கி வைத்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர்கள் பிரியாணிக்கு நடுவே என் சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தார்கள்.

"இன்னாடி பாப்பா இது, தோல் ஊறவெச்ச தண்ணியா? நாக்க இழுக்குது!"

"காரம் இன்னும் ஏறுதுடி. மோரு இருந்தா குடு."

"பழகணும் ஆன்ட்டி," என்றேன்.

"பழகறதுக்குள்ள நாக்கு ஷூ ஆய்டும். அக்கா, உன் ஒயின் எங்கக்கா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இந்த வாட்டி சரியா வர்ல. கீழ ஊத்திட்டேன்."

அவர்கள் போன பிறகு பார்த்தேன். பாட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, அம்போடு. மிச்சப் பிரியாணியைத் தின்றுகொண்டே ஒரு வாய் குடித்தேன். எரிந்துகொண்டிருந்த நாக்கில் அந்த இனிப்பு மெல்ல இறங்கியது. கறியின் பட்டை வாசமும் ஒயினின் பட்டை வாசமும் ஒன்றாகவே வந்தன. பழைய வீடியோ ஒன்றைத் திறந்து நிதானமான வேகத்தில் ஓடவிட்டேன். காரமான சாப்பாட்டுக்கு இனிப்பு ஒயின்தான் என்று அந்த ஆள் தெளிவாகச் சொல்லியிருந்தான். நான்தான் வேகமாக ஓட்டியதில் அதைத் தவறவிட்டிருக்கிறேன்.

ஓடினேன். "அம்மா, உன்னுதுதாம்மா பிரியாணிக்குக் கரெக்ட்!"

அவள் யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "பாஸ் பண்ணிட்டியா? வந்தவங்க போய்ட்டாங்களே."

இந்த வருஷம் நவம்பர் வந்தும் ஜாடி காலியாகவே இருந்தது. நானே திராட்சை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"காம்பக் கிள்ளிட்டு கழுவு. நல்லாத் தொடை, ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் வீணாப் போய்டும்," என்றாள். எழுந்து போகும்போது, "ருசி பாக்க என்னக் கூப்டாத. செக்கிங் நீதான?"

தினமும் கிளறுகிறேன். பஸ்ஸில் அந்த ஆறு பேரும் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். போன வருஷ ஒயின் நன்றாகத்தான் வந்திருந்தது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். மாதனூரில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஏறுகிறேன். சொல்வதற்குள் கம்பெனி வாசல் வந்துவிடுகிறது.