மழையை நிறுத்தப் போன நாடகம்

சுளகு என்கிற முறத்தில் கம்புத் தானியத்தைப் பரப்பி இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்தால் தூறல் விழுகிற சத்தம் வரும். கம்பை வழித்தெடுத்துவிட்டுச் சோளத்தைப் போட்டு வேகமாக உருட்டினால் ஓட்டுக் கூரையில் கனமழை. கூடவே ஒருவர் பழைய தகரத்தை முழங்கையால் இடித்தால் இடி. அருப்புக்கோட்டையில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்ட மழைச் சத்தத்தில் பெரும்பங்கு இப்படிச் சுளகில் பெய்ததுதான். வானத்து மழை பெரும்பாலும் பந்தல்குடிப் பக்கம் போய்ப் பெய்துவிட்டு, எங்களுக்கு ஈரக்காற்றை மட்டும் அனுப்பிவைத்து வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

அது நாற்பதுகளின் யுத்த காலம். நூலுக்குச் சர்க்கார் 'கண்ட்ரோல்' வந்து, நூல் கிடைக்காமல் எங்கள் தெருத் தறிகளெல்லாம் ஓய்ந்து கிடந்தன. சும்மா இருக்கிற நெசவாளியைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. கையும் காலும் ஆடியே பழகியவன், தறி இல்லாவிட்டால் மேடையில் ஏறி ஆடுவான். என் தாய்மாமா ரெங்கசாமி அப்படித்தான் நாடக வாத்தியார் ஆனார். வீட்டில் தெலுங்கு, மேடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டிலும் சேராத ஒன்று என்று மூன்று பாஷை பேசுகிறவர்.

ஏதோ ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்த சீமை விஞ்ஞான நாவல் ஒன்றை அவர் வாரம் தவறாமல் கிழித்துத் தைத்துவைத்து, ராமாயணத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை அதற்குக் கொடுத்துவந்தார். ஒரு பண்டிதர் மேகங்களை இழுத்து மழையாகப் பிழிகிற மிஷின் ஒன்றைச் செய்கிறார். மிஷின் நிற்கமாட்டேன் என்கிறது. பட்டணமே வெள்ளத்தில் முழுகும்போது பண்டிதரின் மகன் சுத்தியலோடு வருகிறான். எங்கே அடித்தால் உடையும் என்ற இடத்தைப் பண்டிதரே காட்டிக்கொடுத்துவிட்டு உயிரை விடுகிறார். இந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் மாமாவுக்குக் குரல் கம்மிவிடும். "தான் செஞ்சதத் தானே ஒடைக்கச் சொல்றவனை எந்தப் புராணத்துலடா பாத்திருக்க?" என்று என்னைக் கேட்பார். நான் எந்தப் புராணத்தையும் பார்த்ததில்லை என்பதால் மரியாதையாகத் தலையை ஆட்டுவேன்.

அந்தக் கதையை நாடகமாகப் போட்டபோது அவரே பண்டிதர். நான் மகன். கொக்குக் காலும் ஓட்டைத் தகரக் குரலும் கொண்ட எனக்கு, வாத்தியாரின் அக்காள் மகன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்களையும் உடைந்த தறிக்கட்டைகளையும் சேர்த்துக் கட்டி, மேலே கிராமபோன் புனல் ஒன்றை ஆகாயத்தைப் பார்க்கச் செருகியிருந்ததுதான் மிஷின். ஊரை மூழ்கடிக்கப்போகிற யந்திரம் போல அது தோன்றவில்லை. காயலான் கடைக்காரர் பார்த்தால் விலை கேட்பார்.

அந்த வருஷம் திருச்சுழிக் கோயில் திருவிழாவுக்கு நாடகம் தேடிக்கொண்டிருந்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் திருவிழா முடியும்வரை மேடை எங்களுடையது, சாப்பாடு அவர்களுடையது. கூழைக்கூட இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த கோஷ்டிக்கு இதைவிடப் பெரிய லட்சியம் எதுவாக இருக்க முடியும்? மண்ணெண்ணெய் கிடைக்காததால் சந்தை நாளில், வெயில் சாய்கிற நேரத்தில் நாடகம் வைத்தோம். சந்தைக்கு வந்த சம்சாரிகள், சுற்றுக் கிராமத்து விவசாயிகள், மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்தார்கள். கமிட்டிக்காரர் முன்னால் பாயில்.

மிஷின் ஓடியது. சுளகுகள் பெய்தன. கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. நீலச் சாயம் தோய்த்த வேட்டிகளை இருவர் ஆட்ட, அந்த வெள்ளத்தின் நடுவே என் தாயாக வேஷம் கட்டியிருந்த சுப்பையா, "ஐயோ, தண்ணீர்! எங்கு பார்த்தாலும் தண்ணீர்!" என்று கதறினார். யாரும் அழவில்லை. "குடுத்து வச்ச மகராசி" என்றாள் ஒரு பெண். பரளச்சி ஊர்ச் சம்சாரி ஒருவர் பெருமூச்சு விட்டார்: "தண்ணியில முங்கிச் சாகவும் ஒரு குடுப்பினை வேணும்ல."

எங்கள் பக்கம் மழையைத் திட்டுகிற வழக்கம் கிடையாது. பெய்த மழையில் சுவர் இடிந்து விழுந்தாலும் "சுவரு பழசு" என்பார்களே தவிர மழையைக் குறை சொல்லமாட்டார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாமாவும் நானும், சீமைக் கதையின் மயக்கத்தில் இதைச் சுத்தமாக மறந்திருந்தோம். நான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்து, "அப்பா! நிறுத்துங்கள் இந்தப் பாழாய்ப்போன மழையை!" என்றேன்.

கூட்டத்திலிருந்து வந்த முதல் கரிசல் மண்கட்டி என் காதை உரசிப்போய் இடித் தகரத்தில் மோதியது. சமயத்துக்குப் பொருத்தமான இடி.

"எவன்லே அது, மழையப் பாழுங்கிறது?" பரளச்சிக்காரர் எழுந்துவிட்டார். "ஏலே, அந்த மிசினத் தொட்டே, கைய முறிச்சு அடுப்புல வச்சிருவேன்."

அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம் எழுந்தது. எனக்கு அடுத்த வசனம் மறந்தது. அதோடு வேறு சில கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. சீமைக் கால்சட்டை கறுப்பு நிறமாக இருந்தது நான் செய்த புண்ணியம்.

மாமா ஒட்டுத் தாடியோடு முன்னால் வந்து கும்பிட்டார். "அய்யா, கோவிச்சுக்காதீக. இது சீமையில நடக்கிற கதை. அங்கன மழை ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா இங்கிட்டுத் திருப்பி விடும் வாத்தியாரே. அதுக்கு எதுக்கு ஒடைக்கணும்?"

இந்தக் கேள்விக்கு நாவலில் பதில் இல்லை. கமிட்டிக்காரர் பாயிலிருந்து எழாமலே பேசினார்: "ரெங்கசாமி, ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கோயில் வாசல்ல மழைய நிறுத்துற கதையை வைக்க முடியாதுப்பா. பையன் சுத்தியலக் கீழ போடட்டும். மழை பெஞ்சுக்கிட்டே இருக்கட்டும். திருவிழா உனக்குத்தான்."

"கதை அப்படி இல்லீங்களே" என்றார் மாமா. அப்போது வேட்டி வெள்ளத்துக்கு அடியிலிருந்து சுப்பையா, கதையா நமக்குச் சோறு போடப் போகிறது என்று தெலுங்கில் சன்னமாகக் கேட்டார். மாமா வெள்ளத்தைப் பார்த்தார். அதை ஆட்டிக்கொண்டிருந்தவர்களின் விலா எலும்புகளைப் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்து, எந்தப் பத்திரிகையிலும் வராத வசனத்தைச் சொன்னார்: "மகனே, சுத்தியலைப் போடு. நாம் இருவரும் சேர்ந்து இதைப் பெய்யவைப்போம்."

நான் விழித்தேன். "சரிங்கப்பான்னு சொல்லுலே, பேக்கு" என்று கீழிருந்து பரளச்சிக்காரர் வசனம் எடுத்துக்கொடுத்தார். சொன்னேன். அந்தக் கைதட்டலை நான் மறுபடி எங்கும் கேட்கவில்லை.

திருச்சுழியில் நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை வர்ணித்தால் நல்ல குடும்பத்தில் பிறந்தவனா என்று சந்தேகப்படுவீர்கள். ஆனால் அங்கே தினமும் ஒன்று நடந்தது. ஜனங்கள் மகிழ்ந்து கலைந்து, வண்டி மாடுகளை அவிழ்க்கப் போனதும், மாமா திரையை இழுத்து மூடுவார். "உம், இப்ப ஆரம்பி" என்பார். பசியோடு நிற்கிற எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வெள்ளத்தை விரிப்பார்கள். "நான் சாப்பிட்டுட்டு வந்து சாகட்டுமா?" என்று சுப்பையா கேட்பார். அனுமதி கிடைக்காது. வெளியே கேட்காதபடி நான் ரகசியக் குரலில் மழையைத் திட்ட வேண்டும். மாமா மிஷினின் விலாவில் ஓரிடத்தைத் தொட்டு, "இங்கே அடி" என்பார். துணி சுற்றிய சுத்தியலால் அடிப்பேன். சத்தமே வராது. அவர் அதன்மேல் சரிந்து, நாவலில் உள்ளபடி செத்துப்போவார். பார்க்க ஒரு ஆள் கிடையாது. செத்தபிறகுதான் இலை போடுவார்கள்.

போன மாதம் அதே நாவல் டி.வி.யில் தொடராக வந்தது. என் மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பல் செட்டு என்பதால் ஜாக்கிரதையாக. சுளகில்லாமல் லாரி லாரியாக நிஜத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பண்டிதரை வில்லனாக்கி, கொக்கரித்துச் சிரிக்க வைத்து, மூலையில் தள்ளிவிட்டார்கள். அடிக்க வேண்டிய இடத்தை அவர் காட்டவேயில்லை. அரும்பு மீசைக் கதாநாயகன் தானே கண்டுபிடித்து, பாட்டோடு அடிக்கிறான். "டேய், எடத்த அவருல்லடா காட்டணும்" என்று கத்தியேவிட்டேன். "வெறும் சீரியல்தானே தாத்தா, பிரஷர் ஏறிறப் போகுது" என்றாள் பேத்தி.

மாமா இல்லை, சுப்பையா இல்லை, அந்தத் தறிகளும் இல்லை. டி.வி.யில் மிஷின் உடைந்தது, மழை நின்றது, பெயர்கள் ஓடத் தொடங்கின. எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். மழையை எதற்கு நிறுத்தினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.