கிளட்ச் போன வண்டியில் ஈர சீட்

டிராவல்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

மேலகரத்தில் ஒரு டிராவல்ஸில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் சீசன். சுரண்டையில் உரக்கடை வைத்திருந்த ஒருவர், தாயாரைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக கேப்டன் சீட் வண்டி கேட்டிருந்தார். நடுவில் தனித்தனி சீட். சாய்ந்து காலை நீட்டலாம். அதற்குக் கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தார். அந்த ஆச்சிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னும் தையல் பிரிக்கவில்லை.

அவர்கள் கிளம்ப வேண்டிய அன்று காலை முதலாளி போன் செய்தார். "கேப்டன் சீட் வண்டிக்கு கிளட்ச் போயிட்டு. ஒர்க்‌ஷாப்ல நிக்கி. சின்ன வண்டிய அனுப்பும்வே."

தாயாரோடு வந்து நின்றவரிடம் அதையே சொன்னேன். அவர் சின்ன வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா கால எங்கன நீட்டுவா? டிக்கிலயா? சீசன் கூட்டத்தப் பாத்ததும் கிளட்ச் போயிருமோ?"

"ஒர்க்‌ஷாப்லதான் நிக்கி அண்ணாச்சி."

சொன்னேனே தவிர எனக்கே சந்தேகம். கிளட்ச் என்று சொல்லும் முன் முதலாளி ஒருமுறை செருமியிருந்தார். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

அப்போது அந்த கேப்டன் சீட் வண்டியே வாசலில் வந்து நின்றது. டிரைவர் கணேசன் மாற்றுச் சட்டை எடுக்க வந்திருந்தான். தலை நனைந்திருந்தது.

உரக்கடைக்காரர் கதவைத் திறந்து நடு சீட்டில் கை வைத்தார். ஈரம். விரலை முகர்ந்தார். நல்லெண்ணெய்.

"கிளட்ச் போன வண்டி எண்ணெ தேச்சு அருவில குளிச்சிட்டுல்லா வருது!"

கணேசன் தரையைப் பார்த்தான். "மதுரை பார்ட்டி அண்ணாச்சி. கூட துட்டு தாரோம்னாங்களாம். மொதலாளிதான் அனுப்புனாரு. இப்ப ஓட்டல்ல சாப்பிடுதாங்க."

சின்ன வண்டியை மதுரைக்காரர்களிடம் அனுப்பிவிட்டு, சீட்டைத் துடைத்துப் போர்வை விரித்தேன். ஆச்சி சாய்ந்து காலை நீட்டினார். "ஏலே, அவர ஏசாத. நல்லா குளுகுளுன்னுதான் இருக்கு."

மகன் சிரிக்கவில்லை. "உமக்குத் தெரியாமலா சொன்னீரு?"

"தெரியாது அண்ணாச்சி."

அவர் வண்டியில் ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "கிளட்ச் சரியாயிட்டு மொதலாளி. வண்டி கெளம்பிட்டு." அவர் ஒருமுறை செருமிவிட்டுப் போனை வைத்தார்.

திரும்பி வந்த கணேசன் சொன்னான்: "கேரளா பார்டர், புளியறை செக்போஸ்ட் வரைக்கும் உங்களுக்கு நெசமாவே தெரியாதான்னுதான் கேட்டுக்கிட்டே வந்தாரு."

இப்போதெல்லாம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று யார் சொன்னாலும், நேரில் போய் பானட்டைத் தொட்டுப் பார்த்த பிறகே கஸ்டமரிடம் வாயைத் திறக்கிறேன். அந்த உரக்கடைக்காரர் அதன் பிறகு எங்களிடம் வண்டி எடுக்கவே இல்லை.