தலைமாட்டுக்கு எட்டாத வயர்

சார்ஜர் வயரைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பொய் சொல்லாத ஒரே ஆள் தெய்வசிகாமணிதான். மற்றவர்கள் என் கடைப் படியேறும்போதே முகத்தை மாற்றிக்கொள்வார்கள். வாங்கின அன்றைக்கே வேலை செய்யவில்லை என்பார்கள், தொடவே இல்லை என்பார்கள். வயரின் கழுத்து முறிந்து உள்ளே இருக்கிற கம்பி எட்டிப் பார்க்கும். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, சரக்கு சரியில்லை என்று என்னையே திருடனாக்குவார்கள். தெய்வசிகாமணி அப்படியில்லை. செத்துப்போன வயரைக் கண்ணாடி மேசைமேல் நீளமாக, மரியாதையாகக் கிடத்தினார்.

"வயரு மேல தப்பில்லண்ணே. எங்க வூட்லதான் எதுவோ தப்பு நடக்குது" என்றார்.

அதுவரை அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் மார்க்கெட்டில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், கவர், ஹெட்செட், சார்ஜர். நான் சொல்வது 2014, 15 வாக்கில். வீட்டுக்கு வீடு டச் போன் வந்துகொண்டிருந்த சமயம். எல்லாரும் போனைத்தான் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார்கள். வயரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயரைப் பிடித்து இழுத்துத்தான் பிளக்கைப் பிடுங்குவார்கள். சார்ஜரைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பையில் திணிப்பார்கள். சார்ஜ் ஏற ஏறவே போனை மடியில் வைத்துப் படம் பார்ப்பார்கள். வயருக்கும் வாய் இருந்தால் திட்டியிருக்கும்.

தெய்வசிகாமணி கம்மாபுரம் பக்கம். குடும்பத்து நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனதில் கிடைத்த வேலை, இப்போது பெர்மனன்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். மண்ணை வெட்டுகிற ராட்சச மிஷின்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கேபிள் இருக்கிறதே, தொடை தடிமன் இருக்கும், அதைத் தூக்கி மாற்றிப் போடுகிற கேங்கில் அவர் இருந்தார். மிஷின் நகர்ந்தால் கேபிளும் கூடவே நகர வேண்டும். வரிசையாக ஆட்கள் நின்று தோளில் ஏற்றி, ஒரே அடியாக நடந்து, பெரிய வளைவாகக் கிடத்துவார்கள். சட்டென்று மடிக்கக் கூடாது, இழுபட விடக் கூடாது. அவர் கேங்கில் கேபிளை யாரும் தாண்ட மாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தரையில் சார்ஜர் வயர் கிடந்தால்கூட மனிதர் தாண்டமாட்டார், கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் அதைக் கேபிள் என்று சொல்ல அவருக்கு மனம் வராது. கேபிள் என்றால் அவருக்கு மைன்ஸில் இருப்பதுதான்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மாதம் தவறாமல் ஒரு வயர் செத்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

அவர் மனைவி மலர்கொடி முத்தாண்டிக்குப்பத்துப் பெண். ஆஸ்பத்திரி வார்டில் கான்ட்ராக்ட் வேலை. என் மனைவி பட்டம்மாளும் அதே வார்டுதான். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வழியாக வந்தது. மீதியில் கொஞ்சம் என் ஊகம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் ஷிஃப்ட் ஒத்துப்போகாது. அவர் நைட் முடித்து வரும்போது அவள் காலை டூட்டிக்குப் பஸ் ஏறியிருப்பாள். அவள் மதியம் வரும்போது அவர் உள் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருக்கும்போது மட்டும் என்ன வாழ்கிறது? சாப்பிட்டாயிற்றா என்றால் தலையாட்டல், குழம்பு எப்படி என்றால் இன்னொரு தலையாட்டல். நல்ல மனிதர்தான். வாயில்தான் பூட்டு. கல்யாணமான புதிதில் அவர் எப்போதோ இரண்டு வார்த்தை சொன்னதை வைத்து, ஒரு பொங்கலுக்கு அம்மா வீட்டில், இவர் மைன்ஸைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொல்வார் தெரியுமா என்று மலர்கொடி நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மூடிய வாயை அவர் ஊர் திரும்பும்வரை திறக்கவில்லை. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்த மனிதர் அடைத்துக்கொள்வார் என்பதை அவள் அப்போது தெரிந்துகொண்டாள்.

வீட்டில் இருந்தது ஒரே போன். மைன்ஸுக்கு அவர் கொண்டுபோக மாட்டார், வார்டில் அவளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அது பாட்டுக்கு வீட்டிலேயே கிடக்கும். ஒருநாள் காலை, கேஸ் சிலிண்டர் வரப்போவதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி வைக்கச் சோம்பல். போனைத் தடவிக்கொண்டிருந்ததில் குரலைப் பதிவுசெய்கிற பொத்தான் தட்டுப்பட்டது. சிலிண்டர் விஷயத்தைச் சொன்னார். நிறுத்த மறந்தாரோ, நிறுத்தத் தெரியவில்லையோ, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மதியம் வந்த மலர்கொடி அதைக் கேட்டாள். சிலிண்டர் செய்தி முடிந்தது. தட்டுச் சத்தம், கொட்டாவி, ஃபேன் சுற்றுகிற சத்தம். பிறகு, நைட் ஷிஃப்ட் முடித்தவனின் அரைத்தூக்கக் குரலில் அவர் தானாகவே பேசுகிறார். மண்ணுக்கடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறதாம். லைட் பட்டால் பால் மாதிரி தெரிகிறதாம். மிஷின் அந்தக் கோடியில் நிற்க, பனியில் அதன் விளக்குகள் மட்டும் மிதக்கின்றனவாம், யாரோ ஆகாயத்தில் குடியிருக்கிற மாதிரி. நடு நடுவே மலரு, மலரு என்று கூப்பிட்டுக்கொள்கிறார்.

உள்ளே அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார், வெளியே அவர் குரல் அவள் காதோரம் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த மதியம் தனக்கு இன்னொரு கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது என்று அவள் பட்டம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.

கெட்டிக்காரி. அவரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இனிமேல் ஏதாவது விஷயமென்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், அதுதான் சௌகரியம் என்று மட்டும் சொன்னாள். அவரும் நம்பி, பால் வாங்கியாயிற்று, மோட்டார் போட்டாயிற்று என்று ஆரம்பிப்பார். இரண்டு வாக்கியத்தில் மைன்ஸுக்குள் இறங்கிவிடுவார். வீட்டுச் செய்தியை மட்டும்தான் அவள் கேட்கிறாள், மிச்சத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

வயரைக் கொன்றது அதுதான். பழைய குவார்ட்டர்ஸ்; கட்டின காலத்தில் படுத்துக்கொண்டே போன் பேசுவார்கள் என்று எந்த இன்ஜினியர் கண்டான்? சுவிட்ச் போர்டு ஆள் உயரத்தில் இருந்தது. போன் பேட்டரியோ நோஞ்சான், வயரில் இல்லாவிட்டால் சீக்கிரமே கண்ணை மூடிவிடும். மலர்கொடி போர்டுக்கு நேர் கீழே பாயைப் போட்டு, இரண்டு தலையணைமேல் மடித்த போர்வையையும் வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பாள். அப்படியும் எட்டாது. போனைக் காதுக்கு இழுப்பாள். வயர் விறைத்து நிற்கும், போனில் சொருகுகிற இடத்தில் கழுத்து ஒடிந்து மடங்கும். கேட்டதையே திரும்பக் கேட்டு, அப்படியே கண்ணயர்வாள். வயருக்குள் இருப்பது மயிரிழைக் கம்பிகள். ஒரே இடத்தில் மடங்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொன்றாக அறும். வெளித்தோல் புதுசாகவே இருக்கும், உள்ளே கடைசி இழை போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வாள்? கேட்கிறேன் என்று தெரிந்தால் அவர் பேச்சு நின்றுபோகும். அதனால் வயர் போகும்போதெல்லாம், எலியாக இருக்கும் என்றாள். அந்த வீட்டில் எலி கிடையாது.

தெய்வசிகாமணி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து, மைன்ஸில் கேபிளுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி, வயரின் கழுத்தில் சுற்று மேல் சுற்றாக இறுக்கினார். கழுத்து கட்டை மாதிரி ஆயிற்று. அந்த வயர் டேப் முடிகிற விளிம்பில் ஒடிந்தது. அப்புறம் நூல்கண்டுக் கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, டிரம்மில் கேபிள் சுற்றுவதுபோல விறைப்பாகச் சுற்றி வைத்தார். அது இன்னும் சீக்கிரம் போயிற்று.

நான் சொல்லிப் பார்த்தேன். கழுத்து வளைவதில் தப்பில்லை, மெதுவாக வளைய வேண்டும், நீங்கள் டேப் போட்டுக் கட்டையாக்கினால் ஒடிகிற இடம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான் என்றேன். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைக் கழுத்தில் கோத்துக்கொடுத்தேன், அது கூடவே வளைந்துகொடுக்கும். சுற்றினால் தளர்வாகச் சுற்றுங்கள், பிளக்கின் தலையைப் பிடித்துப் பிடுங்குங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ஒடிந்த வயரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மடிப்பு ஒரே பக்கமாக இருந்தது.

"எவனோ கீழ நின்னு இழுக்கறான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மார்கழி மாதம். நைட் முடித்து வந்து, வழக்கம்போல் போனில் பேசிவிட்டுத் தூங்கியவருக்கு மதியம் தாகத்தில் விழிப்பு வந்தது. ஜன்னல் வெயில் மங்கலாகத் தரையில் கிடந்தது. யாரோ பேசுகிறார்கள். தெரிந்த குரலாக இருந்தது. கனவில் தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து அவர் கொஞ்ச நேரம் படுத்தபடியே கேட்டிருக்கிறார். வார்த்தைகளும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவையாகவே இருந்தன. எழுந்து கதவோரம் வந்து நின்றார்.

பாயில் மலர்கொடி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தலைக்கடியில் அந்தத் தலையணைக் கோபுரம். சுவரிலிருந்து அவள் காதுவரை வயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. அதன் நுனியில் அவர் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"பொழுது விடியற நேரம். கேபிளத் தோள்ல வச்சிகினு போறோம். எதிர்க்க மயிலு ஒண்ணு வந்து நின்னுச்சு, மலரு. நகரல. நாங்களும் நின்னுட்டோம். அத்தன பேரும் தோள்ல பாரத்த வச்சிகினு, மூச்சு விடாம. அப்பதான் மலரு, எனக்கு..."

நின்றுவிட்டது.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். வயரை அப்படியும் இப்படியும் வளைத்தாள். கழுத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள். ஊதினாள். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வந்துடு வந்துடு என்று சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அவள் அழுததை அவர் பார்த்தார். கட்டிலுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நேரே என் கடைக்கு வந்தார்.

வந்தவரின் கண்ணில் இன்னும் தூக்கம் இருந்தது, காதெல்லாம் சிவந்திருந்தது. வயர் வேண்டும் என்றார், கூடவே நீள வயர் வைத்த பிளக் பாக்ஸும் வேண்டும் என்றார்.

"தரையில படுத்துகினா தலமாட்டு வரைக்கும் வரணும்ண்ணே. இழுபடக் கூடாது."

யாருக்கு என்று கேட்டேன். மிச்சத்தை வாங்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

வீட்டில் மலர்கொடி முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் தரையில் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். போர்டிலிருந்து பாக்ஸின் வயரைச் சுவரோரமாக இறக்கி, பாயின் தலைமாட்டில் பாக்ஸை வைத்தார். சார்ஜர் வயரை மைன்ஸில் கேபிள் போடுவதுபோல, இழுக்காமல் மடக்காமல், பெரிய வளைவாகத் தரையில் கிடத்தினார். தலையணைகளில் ஒன்றையும் மடித்த போர்வையையும் எடுத்து ஓரமாக வைத்தார். இனி அவ்வளவு உயரம் தேவையில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது, இனி இந்த மனிதர் அந்தப் போனிடமும் பேசப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். எலி என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

போனைச் சொருகினார். திரையில் காலி பேட்டரி படம் மட்டும் வந்தது. அது உயிர் பெற்று எழக் கொஞ்சம் நேரமாகும். அவரும் சுவரில் சாய்ந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்தில் ஷிஃப்ட் பஸ் ஒன்று திரும்பிப் போனது.

"எது வரைக்கும் கேட்ட?" என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலைமாட்டில் கிடந்த வயரைப் பார்த்தாள்.

"எல்லாரும் மூச்சு விடாம நின்னீங்களே, அது வரைக்கும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பதான் மலரு, எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

நடுவில் போன் வெளிச்சம் காட்டி எழுந்ததாம். இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

அந்த வயரை அவர் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. இப்படி நாலு வீடு இருந்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். மலர்கொடி இதையெல்லாம் பட்டம்மாளிடம் சொன்னாள், பட்டம்மாள் என்னிடம் சொன்னாள். மயில் வந்து நின்றபோது அவருக்கு என்ன தோன்றியதாம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். அதை மட்டும் மலர்கொடி யாரிடமும் சொல்லவில்லை.