காதுக்குப் பின்னால் ஓர் அட்டை

என் அப்பா தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் பதவியை இழந்தது ஒரு கோப்பைத் தேநீரால். ஈரக் கொழுந்துக்கு நிறுவையில் அளவுக்கு மீறிக் கழிக்கிறார்கள் என்று முறையிட, சங்கத்தின் சார்பில் தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீசுக்குப் போனார். பேச்சு நன்றாகவே முடிந்தது, கழிப்பதும் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்த தேநீரை அவர் உட்கார்ந்து குடித்ததை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மச்சான், டீயில சீனி சரியா இருந்துச்சுங்களா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பதவி கைமாறிவிட்டது. மாமா தலைவரானார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

வேறு வீடாக இருந்தால் இதைச் சமாளித்திருக்கலாம். எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அப்பாவின் தங்கைதான் மாமாவின் மனைவி. டயகம பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அவர்கள் மேட்டு லயத்தில் இருந்தார்கள், நாங்கள் பள்ளத்து லயத்தில். நடுவே தேயிலைக்குள் ஒரு குறுக்குப் படி. அம்மாவும் அத்தையும் அதில் கறிக்கிண்ணங்களோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆண்கள் இருவரும் அந்தப் படியை மறந்துபோனவர்கள்போல நடந்துகொண்டார்கள்.

இந்த நிலையில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் நோட்டன் பிரிட்ஜ். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறைக்கு வருவதில்லை. அந்தத் தாய்மாமனைப் பெண்ணின் தகப்பன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். அப்பா படியேற மாட்டேன் என்றார். தாம்பாளம் வராமல் இறங்க மாட்டேன் என்று மாமா சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில், "தாய்மாமன் யாருங்க, நாங்க இன்னும் பார்க்கலையே" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தங்கை எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "மாமா பட்டம் கட்டாம நான் மணவறைக்கு வரமாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க." அவள் முன்பள்ளி ஆசிரியை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஹட்டனிலிருந்த என்னோடு தொலைபேசியில் பேசினாள். நான் அங்கே இருந்துகொண்டு ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சிறுவர் பக்கத்துக்காகக் கொழும்புப் பக்கத்து மிருகக்காட்சிசாலையிலுள்ள சிம்பன்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, பலமுறை அங்கே போய் வந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு ட்ரிப் போக வேண்டும், அது உன் குரங்குகளைப் பார்ப்பதாகவே இருக்கட்டும் என்றாள். அப்பாவிடம் மாமா வரவில்லை என்று சொன்னாள். மாமாவிடம் அப்பா வரவில்லை என்று சொன்னாள். இரண்டும் பொய். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

வேன் முதலில் மேட்டு லயத்துக்குப் போய் மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு கீழே வந்தது. அப்பா கதவைத் திறந்தார். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் மாமா. இருவரும் அசையவில்லை. விடிந்தும் விடியாத நேரம்தான், ஆனால் லயத்தில் எல்லா வாசலிலும் பல்துலக்கும் வாய்களோடு ஆட்கள் நின்றார்கள். இப்போது ஒருவர் இறங்கினாலோ, மற்றவர் ஏறாமல் திரும்பினாலோ, அவர் தோற்றவர். அப்பா ஏறிக் கடைசி ஆசனத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலைமை போன பிறகும் அவர் வெள்ளைச் சட்டையை விடவில்லை.

சாரதி விஷயம் தெரியாத இளைஞன். தலவாக்கலை தாண்டியதும், "தலைவரே, பாட்டுப் போடவா?" என்றான்.

"போடு," என்றார் மாமா முன்னாலிருந்து.

"வேணாம்," என்றார் அப்பா பின்னாலிருந்து, அதே நொடியில்.

அம்மா வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டார்.

சிம்பன்சிகளின் இடம் ஒரு புல் மேடு. சுற்றிலும் அகழி, நடுவே மரக்கட்டைகளால் கட்டிய பரண். பரணின் உச்சியில், தோள்களைப் பருமனாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதைய தலைவர். சுவரோரத்தில் முதுகைக் காட்டி இருந்தது முன்னாள் தலைவர். மடியில் குட்டியோடு ஒரு தாய், அந்தக் குட்டியை எப்படியாவது பறித்துத் தான் தூக்கிவிட வேண்டுமென்று ஒட்டிக்கொண்டு திரியும் அதன் மூத்த மகள். எல்லோரையும்விட வயதான, கீழுதடு தொங்கிய ஒரு கிழவி. பராமரிப்பாளரிடம் கேட்டு எழுதியிருந்த உறவுமுறையை நான் குடும்பத்துக்குச் சொன்னேன்.

"புதுத் தலைவர் சண்டைக்கு வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாலயே பொம்பளைங்ககிட்டப் போய் உட்கார்ந்து பேன் பார்த்து விடுமாம். குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சுமாம். சண்டை வந்தப்ப பொம்பளைங்க எல்லாம் அது பக்கம்."

அப்பா அகழியைப் பார்த்தபடி உரக்கச் சொன்னார்: "கேட்டுக்கங்க. ஓட்டுக் கேட்கிறவன் எல்லா எடத்துலயும் மொதல்ல புள்ளையத்தான் தூக்குறான்."

வேலியின் மறுகோடியில் மாமா சாரதியின் தோளில் கைபோட்டார். "தம்பி, அந்த மூலையில பாரு. பதவி போனதும் எப்படி உட்கார்ந்துருக்கு. உடம்பச் சொறியறதும், கோவிச்சிக்கிட்டு முதுகக் காட்டுறதும். பாவமா இருக்குல்ல?"

"ஆமாங்க தலைவரே," என்றான் சாரதி, உண்மையான இரக்கத்தோடு.

குட்டியின் பின்புறத்தில் ஒரு வெள்ளை முடிக்கற்றை இருந்தது. அது உதிரும்வரை எந்தக் குட்டி எந்தக் குறும்பு செய்தாலும் பெரியவை பொறுத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் அது தாயின் மடியிலிருந்து நழுவி, முன்னாள் தலைவரின் காதைப் பிடித்து இழுத்தது. பிறகு பரணில் ஏறி இந்நாள் தலைவரின் கையிலிருந்த பூசணித் துண்டைப் பிடுங்கித் தின்றது. இரண்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

"எனக்கும் அப்படி ஒரு வெள்ளை முடி இருந்திருக்கலாம்," என்றாள் தங்கை.

உணவு போட்டபோது சண்டை வந்தது. வாழைப்பழக் குலையை இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் பிடித்தன. அலறல், ஒரு துரத்தல், ஒரு கடி. முன்னாள் தலைவரின் விரலில் இரத்தம். ஆனால் இந்நாள் தலைவரும் குலையை விட்டுவிட்டு ஓடியிருந்தது. இரண்டும் சற்று இடைவெளி விட்டு, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார்ந்தன. ஒன்று பார்க்காத நேரத்தில் மற்றது திரும்பிப் பார்த்தது. பார்வை சந்திக்கும்போல இருந்தால் உடனே தன் நகத்தை ஆராயத் தொடங்கியது. பழக்குலை நடுவில் தொடப்படாமல் கிடந்தது.

அப்போது கிழவி எழுந்தது. அவசரமில்லாமல் நடந்து, இரண்டுக்கும் நடுவிலிருந்த புல்லில் குனிந்து, விரலால் எதையோ கிளறி, ஊளை போன்ற ஒரு சத்தம் எழுப்பியது. எல்லாம் ஓடி வந்து பார்த்தன. இரண்டு ஆண்களும் வந்தன. தாயும் மகளும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கிழவியும் பின்னோக்கி நகர்ந்து போய்விட்டது. ஆண்கள் மட்டும் தலையோடு தலை முட்ட அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, இந்நாள் தலைவர் முன்னாள் தலைவரின் தோள் முடியை விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கியது.

நான் கைபேசிக் கேமராவில் அந்தப் புல்லைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். தொழில் பழக்கம்.

அத்தை இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் கேட்டார்:

"அந்தக் கெழவி புல்லுல என்னத்தடா கண்டுச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. வெறும் புல்லு."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

அத்தை ஒரு கச்சானை உடைத்தார். உள்ளே இருந்ததை எனக்குக் கொடுத்தார்.

திரும்பும்போது வேன் கதவருகே அத்தைக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனது. "மலை ரோட்டுல எனக்கு வாந்தி வரும். நான் முன்னால உட்கார்றேன்," என்று மாமாவை எழுப்பிவிட்டு ஏறிக்கொண்டார். அந்த ரோட்டில் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் போய் வந்தவர், ஒருமுறையும் வாந்தியெடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. நடு ஆசனத்தில் அம்மாவும் தங்கையும் நானும் பைகளும் நிறைந்திருந்தோம். மாமா சற்று நின்று, பிறகு கடைசி ஆசனத்தின் ஒரு கோடிக்குப் போனார். மறுகோடியில் அப்பா. அவிசாவளைவரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி, ஒருவருக்கொருவர் முதுகு காட்டியே வந்தார்கள்.

கித்துள்கலையில் ஆற்றோரம் தேநீருக்காக நிறுத்தினோம். மழை தூறி விட்டிருந்தது. அப்பா ஒரு மரத்தடியில் நின்றார். மாமா கொஞ்சம் தள்ளி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையில் தேநீரோடு அப்பாவின் பின்னால் போய் நின்று, திடீரென்று கத்தினார்:

"ஐயோ அண்ணே, ஆடாதீங்க! காதுக்குப் பின்னால அட்டை!"

"எடுத்து விடேன்," என்றார் அப்பா.

"எனக்கு அட்டைன்னா அருவருப்பு அண்ணே." கையை உதறி இரண்டடி பின்னால் போனார். "ஏங்க, சும்மா நிக்கிறீங்களே, வந்து எடுத்து விடுங்க. ரத்தத்தக் குடிக்குது!"

பல வருடம் கொழுந்து பறித்த அத்தை, காலில் ஏறிய அட்டையைப் பேச்சை நிறுத்தாமல் இரண்டு விரலால் உருட்டிச் சுண்டி எறிவார். இது அம்மாவுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், மாமாவுக்கு நன்றாகவே தெரியும். அம்மா தேநீர்க் கோப்பையை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வந்தார். அப்பாவின் காதை மெல்ல மடக்கினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை அதற்குள் வேனுக்குப் பாதி தூரம் போயிருந்தார். மாமா மறுபடி குனிந்தார். இம்முறை வெகுநேரம் பார்த்தார். அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு, அசையாமல், கீழ்ப்படிதலோடு நின்றார்.

பிறகு மாமா எதையோ கிள்ளி ஆற்றுப் பக்கமாக எறிந்தார்.

"எடுத்துட்டேன் மச்சான்."

அப்பா காதைத் தடவினார். "பெருசா?"

"பெருசுதான். நல்லா குடிச்சிருந்துச்சு."

"நானும் நெனச்சேன். சுருக்குனு இருந்துச்சு," என்றார் அப்பா.

அட்டை கடித்த இடம் சும்மா இருக்காது. எடுத்த பிறகும் வெகுநேரம் இரத்தம் கசியும். மலையில் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். வேன் கினிகத்தேனை ஏற்றத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது, நான் திரும்பித் திரும்பி அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பார்த்தேன். காலையில் இஸ்திரி போட்ட வெள்ளை அப்படியே இருந்தது. பக்கத்தில் மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவிலிருந்த இடைவெளியில் இப்போது ஒரு பை மட்டும்தான் கொள்ளும்.

ஹட்டனை நெருங்கும்போது அப்பா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

"நாளைக்கு வீட்டுல இருப்பீங்களா?"

தங்கை என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

"எங்க போறேன், இருப்பேன்," என்றார் மாமா. "படி மழைக்கு வழுக்கும் மச்சான். தாம்பாளத்தப் பார்த்துப் புடிச்சி வாங்க."

"வழுக்குனா வழுக்கட்டும். வந்தா டீ உண்டா?"

அம்மாவின் கை முந்தானையைத் தேடியது.

"உண்டு," என்றார் மாமா. "சீனி எத்தன கரண்டி?"

முதலில் சிரித்தது அப்பாதான். அந்தச் சிரிப்பில் எதற்கென்று தெரியாமலே சாரதியும் சேர்ந்துகொண்டான். முன் ஆசனத்தில் அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. மலை ரோட்டின் மிக மோசமான வளைவில், மடியில் பையை விரித்து வைத்துக்கொண்டு, மீதிக் கச்சானை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.