பழைய புடவை கேட்டு ஜெபித்தேன்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, வாய் திறக்க வெட்கப்பட்ட என்னை அவர் பேச வைத்த கதையைக் கேளுங்கள்.

1971-ஆம் வருஷம். சாந்தோமில் குடியிருந்துகொண்டு, அடையாறில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். கிழக்கு வங்காளத்தில் சண்டை மூண்டு, ஜனங்கள் எல்லை தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். எங்கள் சபையிலிருந்து அகதி முகாமுக்குப் போன மருத்துவக் குழுவில் நானும் போனேன்.

முகாம் முழுக்கச் சேறு. ரேணு என்று ஒரு பெண், பதினாலு வயது. குண்டுச் சிதறல் பட்டுக் கெண்டைக்காலில் ஆழமான காயம். தினமும் கட்டு மாற்ற வேண்டும். இரண்டு நாள் வந்தாள். அப்புறம் காணோம். தேடிப் போனேன். கூடார மூலையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அவள் அம்மா சைகை காட்டிய பிறகுதான் புரிந்தது. மாதவிலக்கு. உடுத்தியிருந்ததைத் தவிர அவளுக்கு வேறு துணி கிடையாது. அந்தக் கோலத்தில் ஆண்கள் நிற்கிற வரிசையில் எப்படி வந்து நிற்பாள்?

காயத்தில் சீழ் பிடித்திருந்தது. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். என் புடவை ஒன்றைக் கிழித்து அவளுக்குக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், அதை அவளுடைய அக்காவின் பச்சைக் குழந்தைக்குச் சுற்றியிருந்தாள்! அவள் மட்டுமா? எத்தனையோ பெண்கள் அழுக்குச் சாக்கைக் கிழித்து வைத்துக்கொண்டு காய்ச்சலில் கிடந்தார்கள். மருந்து வந்தது. பால்பவுடர் வந்தது. துணியை யாரும் நினைக்கவில்லை.

"மெட்ராஸுக்குப் போய்த் துணி கொண்டு வாம்மா. அதுவரைக்கும் அவளைக் கூடாரத்துலயே வெச்சு நாங்க பார்த்துக்கிறோம்" என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அகதிப் பெண்களுக்குத் தேவையான பொருட்களைத் தாராளமாகக் கொடுங்கள்" என்று பொதுவாக அறிவித்தார். ஜனங்கள் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். பவுடர் டப்பா, சீப்பு, வளையல். ஒருவர் பட்டுப்புடவையே கொடுத்துவிட்டார். நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ பிரசவம் பார்த்தவள், ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

ரயிலுக்கு மூன்றே நாள். காலையில் சமையலறையில் முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, பெண்ணைப் படைத்தவரே நீர்தானே, உம்மிடம் எனக்கென்ன கூச்சம்? தீட்டுக்கு வைக்கத் துணி வேண்டும். பழைய நூல் புடவை. நிறைய வேண்டும்." அதற்கு முன் நான் இப்படி ஜெபித்ததே இல்லை.

ஆமென் சொல்லவில்லை, அதற்குள் வாசலில் குரல். தினமும் மீன் கொண்டுவரும் முனியம்மா.

"இன்னா சிஸ்டர், கண்ணெல்லாம் செவந்து கீது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"அட, தீட்டுத்துணிதானே! இத்தச் சொல்ல இன்னா வெக்கம்? நான் கேக்குறேன் பாரு."

நேரே தெருக்குழாய்க்குப் போனாள். குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "அங்க பொண்ணுங்க தீட்டுக்குத் துணியில்லாம மூலையில குந்திகினு கீதுங்களாம்! பட்டெல்லாம் வாணாம். பழசு குடுங்க, தோச்சுக் குடுங்க!"

சாயங்காலத்துக்குள் என் வீட்டு நடை நிறைந்துவிட்டது. வேலைக்காரப் பெண் சொல்லிக் கேள்விப்பட்டு, மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி ரிக்ஷாவில் வந்து இறங்கினார். நான் பிரசவம் பார்த்தவர்தான். "எங்காத்துல எல்லாரோடதையும் சேர்த்துக் கட்டிண்டு வந்துட்டேன். துவைச்சுத் துவைச்சுப் பஞ்சா இருக்கு. மடி ஆசாரமெல்லாம் இப்போ பார்ப்பாளா? அவாளும் பொண்கள்தானே, எடுத்துண்டு போங்கோ" என்றார்.

இந்தத் தடவை போதகர் முகம் சிவக்கவில்லை. சபை விருந்துக்குச் சமைக்கிற அண்டாவை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். கடற்கரையில் அடுப்பு மூட்டித் துணியையெல்லாம் கொதிக்க வைத்தோம். கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மணல் தெரியாமல் கலர் கலராகப் புடவைகள் காய்ந்தன. வலை தூக்கிக்கொண்டு போன ஒருவர், "இன்னா விசேஷம்?" என்று நின்றார். "உனக்கில்ல நைனா, அப்பால போ!" என்றாள் முனியம்மா. நாங்கள் சிரித்த சிரிப்பில் போதகரும் சிரித்துவிட்டார். ஸ்தோத்திரம்! அப்படி ஒரு ஜெபக்கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ரயில் ஏறி முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, கூடாரம் கூடாரமாகத் துணியைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை, வரிசையில் முதல் ஆளாக ரேணு நின்றாள்! நொண்டிக்கொண்டுதான் வந்திருந்தாள், ஆனால் தன் காலில் நடந்து வந்திருந்தாள். அவள் பின்னாலேயே ஐந்தாறு பெண்கள். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் காயம் ஆறியது. கால் பிழைத்தது.

இப்போது எட்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் எந்தப் பெண்ணிடமும், என்ன தேவை என்று நானே முதலில் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். ஜெபத்திலும் சுற்றி வளைப்பதில்லை.

சகோதரிகளே, உங்கள் தேவையை அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அலங்கார வார்த்தை தேடாதீர்கள். அவர் முகம் சுளிக்கிறவர் அல்ல. கேட்ட பிறகு, வாசலில் யார் வந்து நின்றாலும் உள்ளே கூப்பிடுங்கள்.